ஒரு மூச்சின் விலை



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கோயில் வாசலில் நம்மை நிறுத்தினார். அவருடைய மகள் ஒரு செவிலியர். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்ஷயர் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் நான்கு மாதங்களுக்கு முன்பு பணியேற்றுச் சென்றவர். நற்கருணை வாங்கிப் பயணம் புறப்பட்ட அந்த நாள் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சாமி, திரும்பி வந்துடறேன்னு எழுதியிருக்கா. நீங்களே படிச்சுப் பாருங்க" என்று அத்தாய் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார்.

நீண்ட மடல் அது. வேலை கடினமென்றோ, குளிர் தாங்கவில்லையென்றோ அந்தப் பெண் எழுதவில்லை. மொழியைப் பற்றியே எழுதியிருந்தார். இரண்டு முறை முயன்று ஆங்கிலத் தேர்வில் தேறிச் சென்றவர் அவர். ஆயினும், நோயாளர் கூடத்தில் காலடி வைத்த முதல் வாரமே, வேறொரு மொழி வழங்கும் நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்ற ஐயம் அவருக்கு எழுந்துவிட்டது.

ஒரு நாள் இரவு, முதியவர் ஒருவர் தமக்கு 'ஸ்டார்வ்டு' ஆக இருக்கிறது என்று கூறியிருக்கிறார். பசியென்று எண்ணிய இப்பெண் ஓடிச்சென்று ரொட்டியும் சூடான பாலும் கொண்டுவந்தார். முதியவர் தலையை அசைத்து மறுத்தார்; மீண்டும் அதே சொல்லைச் சொன்னார். பிஸ்கட்டு கொடுத்தார், அதுவும் வேண்டாம் என்றார். கடைசியில் அவ்வூர்ப் பணியாளர் ஒருவர் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டுப் போனார். பாவம், அரைமணி நேரம் அம்முதியவர் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்!

மற்றொரு நாள், இரத்தப் பரிசோதனைக் கூடத்தோடு தொலைபேசியில் பேசுகையில், நோயாளி ஒருவரின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்ந்தது. ஆங்கில அரிச்சுவடியின் எட்டாம் எழுத்தை, நம் பள்ளிகளில் பலரும் சொல்வது போல, 'ஹெச்' என்றார். மறுமுனையில் இருந்தவர் சிரித்துவிட்டு, 'எய்ச்' என்று திருத்தினார். அருகில் நின்றவர்களும் சிரித்தார்கள். "வாயைத் திறக்கவே கூச்சமாயிருக்கிறது, அம்மா. நான் படித்த ஆங்கிலம் ஒன்றுக்கும் உதவாது போலும்" என்று மடல் முடிந்திருந்தது.

அத்தாய்க்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதைச் சொல்லத் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க இருக்கிற கிழவருங்க எல்லாம் இவளை 'லவ்', 'லவ்'னு கூப்பிடறாங்களாம், சாமி" என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். கோயில் வாசலில் நின்று அவரிடம் கூறியவற்றையும், கூற மறந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இல்லங்கள் இன்று நம்மிடையே பல அல்லவா?

முதலில் அந்த 'லவ்' பற்றிய அச்சத்தைப் போக்கிவிடுவோம். யார்க்ஷயரில் அது காதற்சொல் அன்று. கடைக்காரர் வாடிக்கையாளரையும், பேருந்து ஓட்டுநர் பயணியையும், சில வேளைகளில் ஆண் ஆணையும் கூட அவ்வாறு அழைப்பதுண்டு. நம் ஊர்ப் பாட்டிமார் முன்பின் அறியாத பிள்ளையையும் 'கண்ணு' என்றும், 'ராசாத்தி' என்றும் அழைப்பதில்லையா? அது போன்றதே இதுவும். இச்சொல்லும் ஊருக்கு ஊர் மாறும். நாட்டிங்காம், டெர்பி நகரங்களின் பக்கம் 'டக்' என்பார்கள். வாத்து என்று எண்ணிச் சினம் கொள்ளலாகாது. நியூகாசிலில் 'பெட்' என்பார்கள். ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலோ பெண்களை 'ஹென்' என்பார்கள். கோழி என்று பொருள்படும் அச்சொல், அங்கே கனிவின் சொல்.

இனி, அந்த முதியவரின் குளிருக்கு வருவோம். 'ஸ்டார்வ்' என்பதற்குப் பசியால் வாடுதல் என்று பொருள் சொல்லியே நாம் அனைவரும் படித்தோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் பொருள் 'இறத்தல்' என்பதே. அதன் உறவுச்சொல்லாகிய 'ஸ்டெர்பன்' என்பது இன்றும் செருமன் மொழியில் அப்பொருளிலேயே வழங்குகிறது. காலப்போக்கில் பொது ஆங்கிலத்தில் அது பசியால் சாவதைக் குறித்தது. வடக்கிலோ குளிரால் சாவதையும், பின் குளிரால் வருந்துவதையும் குறித்தது. ஆகவே, அம்முதியவர் சொல்லைப் பிழையாகச் சொல்லவில்லை. ஒரே தாயின் இரு பிள்ளைகளில் ஒன்று தெற்கே போனது. மற்றொன்று வடக்கே தங்கியது. தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெற்கே போன பிள்ளையை மட்டுமே தெரியும்.

இத்தகைய சொற்கள் யார்க்ஷயரில் இன்னும் உண்டு. 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை; 'அவுட்' என்பது போல ஒலிக்கும் சொல்லுக்கு ஏதேனும் என்று பொருள். இரண்டும் பழைய ஆங்கிலத்தின் நேர் வாரிசுகள். 'வைல்' என்னும் சொல் நமக்குப் 'பொழுது' என்று பொருள்படும். அங்குள்ள முதியவர்களுக்கோ 'வரை' என்றும் பொருள்படும். ஒன்பது 'வைல்' ஐந்து என்றால் ஒன்பது முதல் ஐந்து வரை. உடல்நலமின்மையைப் 'பூர்லி' என்பார்கள். நண்பகல் உணவு அவர்களுக்கு 'டின்னர்'. மாலை உணவு 'டீ'. "டீ ஆயிற்றா?" என்று நோயாளி கேட்டால், தேநீரை மட்டும் பற்றியதன்று அக்கேள்வி. மருந்தை உணவுக்கு முன்போ பின்போ கொடுக்கவேண்டிய செவிலியர் இதனை அறிந்திருப்பது நலமன்றோ?

சொற்கள் இருக்கட்டும், ஒலிகளையும் சற்றுப் பார்ப்போம். இலண்டன் பக்கத்தில் 'பஸ்' என்பதை வடக்கத்தியர் ஏறக்குறைய 'புஸ்' என்பர். 'கப்' அங்கே 'குப்'. அந்த 'லவ்' கூட 'லுவ்' தான். தெற்கே 'பாத்' என்று நீட்டிக் குளிப்பார்கள். வடக்கே குறுக்கிக் குளிப்பார்கள்! இவற்றுள் எது சரி, எது கொச்சை என்று கேட்டால், பலரும் தென்னாட்டு ஒலியே சரியென்பர். ஆனால் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கத்தியர்தாம் 'புஸ்' போன்ற அந்தப் பழைய உகரத்தை மாற்றிக்கொண்டார்கள். 'பாத்' என்ற நெட்டொலியும் அதன் பின்னர் தெற்கே தோன்றிய புதுமையே. வடக்கத்தியர் பாட்டன் பேசியது போலவே பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாறியவர்கள் தம்மைச் சரியென்றும், மாறாதவர்களைக் கொச்சையென்றும் கூறிக்கொண்டார்கள்.

அப்படிக் கூறும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அரசவையும் அச்சகமும் பெரும் வணிகமும் இலண்டனில் இருந்தன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற விடுதிப் பள்ளிகள் ஒரே வகை ஒலிப்பை வளர்த்தன. 1917-இல் தானியேல் ஜோன்ஸ் என்ற ஒலிநூல் அறிஞர் வெளியிட்ட ஒலிப்பு அகராதியும், இத்தகைய பள்ளிகளில் பயின்ற தென்னாட்டுக் குடும்பத்தினரின் பேச்சையே அடிப்படையாகக் கொண்டது. 1926-இல் பி.பி.சி. வானொலி, அறிவிப்பாளர்களின் ஒலிப்பை நெறிப்படுத்த ஒரு குழுவையே அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் முதல் தலைவர். அவருக்குப் பின் தலைமையேற்றவர் நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா. நாட்டில் மிகச் சிலரே பேசிய அந்த ஒலிப்பு, வீடுதோறும் கேட்ட குரலாயிற்று.

1941-இல், உலகப் போரின் நடுவில், ஒரு மாறுதல் நேர்ந்தது. யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவரை நாடு முழுவதற்குமான செய்தியை வாசிக்க வைத்தது பி.பி.சி. பகைவர் எவரும் அவ்வறிவிப்பாளரைப் போல் பேசி ஏமாற்றுவது எளிதாகாது என்பதும் அதற்கு ஒரு காரணம். அவர் தம் ஊர் ஒலியிலேயே வாசித்தார். இறுதியில் வடக்கத்திய மக்களுக்கு 'குட் நைட்' என்பதைக் 'குட் நீட்' என்று தம் ஊர் வழக்கில் கூறி விடைபெற்றார். கேட்டவர்களில் பலர் கொதித்தெழுந்தனர். இத்தகைய குரலில் வரும் செய்தியை எப்படி நம்புவது என்று கேட்டவர்களும் உண்டு. செய்தி அதேதான்; உண்மையும் அதேதான். ஓர் உயிரெழுத்து மாறியதற்காக நம்பிக்கையே ஆட்டங்கண்டது! இன்றோ, அதே நிறுவனத்தில் பல வட்டாரக் குரல்களும் ஒலிக்கின்றன.

இப்பொழுது, அந்தப் பெண்ணைத் தலைகுனிய வைத்த எட்டாம் எழுத்துக்கு வருவோம். வெறும் மூச்சு அது. நாவோ, இதழோ, பல்லோ அதற்கு வேண்டியதில்லை. நம் தமிழும் அதனை ஒரு பொருட்டாகக் கொண்டதில்லை. நம் விவிலியத்தில் எபிரேயர் என்கிறோம், ஏரோது என்கிறோம், ஓசேயா என்கிறோம். அவற்றின் முன்னிருந்த மூச்சு எங்கே போயிற்றென்று எவரும் தேடுவதில்லை. இங்கிலாந்திலோ, அந்த மூச்சு மனிதரைத் தரம் பிரிக்கும் தராசாகிவிட்டது. இலண்டனின் உழைக்கும் மக்களும், யார்க்ஷயர், லங்காஷயர் மக்களும் அதனை விழுங்கிவிடுவது வழக்கம். அவர்கள் ஊர் ஹாலிஃபாக்ஸ் அவர்கள் வாயில் 'ஆலிஃபாக்ஸ்' ஆகிவிடும். இதனால் 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் பட்ட ஏளனம் கொஞ்சமன்று. அவ்வெழுத்தைச் சரியாக ஒலிப்பதெப்படி என்று கற்பிக்கும் சிறு நூல்கள் விற்பனையாயின. தெருவில் பூ விற்கும் பெண் ஒருத்தி, பேச்சை மாற்றிக்கொண்ட ஒரே காரணத்தால் சீமாட்டியாக ஏற்கப்படுவதைப் பெர்னார்டு ஷா 'பிக்மேலியன்' என்ற நாடகமாக எழுதினார். 1914-இல் அது இலண்டனில் மேடையேறியது.

இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், 'ஹாஸ்பிட்டல்' என்ற சொல்லைத்தான் நாம் முதலில் நினைக்கவேண்டும். 1791-இல் ஜான் வாக்கர் என்பவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஒலிப்பு அகராதியில், முதலெழுத்து ஒலிக்கப்படாத சொற்களின் வரிசையில் அதுவும் இடம்பெற்றிருந்தது! அதாவது, அந்நாளில் மூச்சை விட்டுவிட்டு 'ஆஸ்பிட்டல்' போல் சொல்வதே கற்றவர் வழக்கு. நம் பாட்டிமாரின் 'ஆஸ்பத்திரி' வாக்கருக்கு முற்றிலும் உடன்பாடாயிருந்திருக்கும். பின்னர் எழுத்தைப் பார்த்து ஒலிக்கும் பழக்கம் வந்தது. நேற்றுச் சரியாயிருந்தது இன்று பிழையாயிற்று. 'ஹவர்', 'ஹானஸ்ட்' என்று எழுதிவிட்டு 'அவர்', 'ஆனஸ்ட்' என்று இன்றும் சொல்வதை மட்டும் எவரும் ஏளனம் செய்வதில்லை.

அவ்வெழுத்தின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. அது நம் உள்ளத்தை வாட்டும் வரலாறு. வட அயர்லாந்தில் அப்பெயரைக் கத்தோலிக்கர் பெரும்பாலும் 'ஹெய்ச்' என்றும், புரோட்டஸ்டண்டு சபையினர் 'எய்ச்' என்றும் சொல்வது வழக்கம். பள்ளிகள் தனித்தனியே இருந்ததால் ஒலியும் தனித்தனியே வளர்ந்தது. 1960-களின் இறுதியில் தொடங்கி, 1998-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்பாடு வரை நீடித்த கலவரங்களில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாட்டில், ஓர் எழுத்தைச் சொன்னவுடனேயே அவர் எந்தப் பக்கத்தவர் என்று கேட்பவர் ஊகித்துவிடுவார். கிறிஸ்துவின் பெயரை ஒரே வகையாகச் சொல்பவர்கள், ஓர் எழுத்தின் பெயரை இரு வகையாகச் சொல்லிப் பிரிந்து நின்றனர்.

அந்தச் செவிலியர் 'ஹெச்' என்றபொழுது சிரித்தவர்களுக்கு, தங்கள் நாட்டின் ஒரு பகுதியிலேயே அது கோடானுகோடி முறை ஒலித்த ஒலி என்பது தோன்றாமற் போயிற்று. இன்று இங்கிலாந்தின் இளந்தலைமுறையினரிடையேயும் அவ்வொலிப்பு பரவி வருகிறது.

இந்த மூச்சுப் பிணக்கு ஆங்கிலத்தோடு தோன்றியதன்று. குருமடத்தில் நாம் சிறிது இலத்தீன் பயின்றபொழுது அறிந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே, வேண்டாத இடத்தில் அந்த மூச்சைச் சேர்த்துப் பேசிய ஒருவனைக் கத்துல்லுஸ் என்ற உரோமைக் கவிஞர் எள்ளி நகையாடினார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே மூச்சைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புரவுகள்' நூலின் முதற்பகுதியில் எழுதினார். ஆனால் அவர் நகைக்கவில்லை, வருந்தினார். மனிதன் என்று பொருள்படும் 'ஹோமினெம்' என்ற இலத்தீன் சொல்லை ஒருவர் மூச்சை விழுங்கி 'ஓமினெம்' என்று சொல்லிவிட்டால் உலகம் முகஞ்சுளிக்கிறது. அவரே ஆண்டவரின் கட்டளைக்கு மாறாகச் சக மனிதனை வெறுத்தாலோ, அந்த அளவுக்குக்கூட எவரும் முகஞ்சுளிப்பதில்லை. இதுவே அப்பெருந்தகையின் மனவேதனை. 'மனிதன்' என்ற சொல் பிழைபடலாகாதாம், மனிதன் பிழைபடலாமாம்!

இதனை எழுதும் நாமும் அக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லோம். பல ஆண்டுகளுக்கு முன், முன்பு நாம் பணியாற்றிய பங்கில், ஆங்கிலத் திருப்பலிக்கு வாசகம் படிக்கச் சிறுவன் ஒருவனைப் பழக்கினோம். 'ஹோலி' என்ற சொல்லை அவன் 'ஓலி' என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களைக் கண்டிக்கவேண்டிய நாமும் சிரித்துவிட்டோம். தீய எண்ணம் ஏதுமில்லை. ஒரு கணச் சிரிப்புதான். அவன் பின்னர் வாசக மேடைக்கு வரவேயில்லை. நாம் இருமுறை அழைத்தும் வரவில்லை. பரிசுத்தம் என்ற சொல்லின் மூச்சைக் காப்பாற்றினோம். ஒரு பிள்ளையின் குரலை இழந்தோம். அகுஸ்தீனாரின் அந்தப் பக்கத்தைப் படிக்கும்பொழுதெல்லாம் அச்சிறுவனின் முகமே நம் கண்முன் வருகிறது.

பெற்றோரே, உங்கள் இல்லங்களிலும் இதனைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒலிப்பைக் கற்பிக்கவேண்டாம் என்று நாம் கூறவில்லை. தொலைபேசியில் நோயாளியின் பெயர் பிழையின்றிப் போய்ச் சேரவேண்டும். அதற்குத் தெளிவு தேவை. அயலூருக்குச் செல்பவர் அவ்வூர் வழக்கைக் கற்றுக்கொள்வதும் கடமையே. இல்லாவிடில் முதியவர் குளிரில் நடுங்கவேண்டிவரும். ஆனால் திருத்துவது வேறு, சிரிப்பது வேறு. திருத்தினால் சொல் சீராகும். சிரித்தால் வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடிக்கொண்ட செவிலியர், புரியாததை மீண்டும் கேட்க அஞ்சுவார். அந்த அச்சம் நோயாளிக்கே தீங்காய் முடியலாம்.

கோயில் வாசலில் அத்தாயிடம் இறுதியாக நாம் கூறியது இதுதான். அகுஸ்தீனார் ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். கடல் கடந்து இத்தாலிக்குச் சென்று, மிலான் நகரில் நாவன்மை கற்பிக்கும் பேராசிரியராய் அமர்ந்தவர். அத்தகையவரின் ஒலிப்பிலேயே இத்தாலியர் குற்றம் கண்டார்களாம். 386-இல் எழுதிய ஓர் உரையாடல் நூலில் அவரே இதனைக் கூறுகிறார். யாரிடம் தெரியுமா? தம் தாய் புனித மோனிக்கம்மாளிடம்! பல சொற்களின் ஒலியில் இத்தாலியர் இன்னமும் தம்மைக் குறைகூறுவதாகவும், தாமும் பதிலுக்கு அவர்கள் ஒலிப்பில் குறை காண்பதாகவும் அன்னையிடம் ஒளியாமல் சொல்கிறார். ஆயினும், குறைகூறினார்களே என்று அவர் பேசுவதை நிறுத்திவிடவில்லை.

அத்தாய் நாம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "இதை அப்படியே எழுதத் தெரியாது, சாமி. அகுஸ்தீனாரையே சிரிச்சாங்களாம், நீ பேசுன்னு மட்டும் எழுதறேன்" என்றார். அதைவிடச் சுருக்கமாக நம்மாலும் எழுதியிருக்க முடியாது.

இவ்வாரம் மற்றொரு மடல் வந்திருக்கிறது. தொலைபேசி ஒலித்தால் இன்னும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறதாம். ஆனால் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறாராம். புரியாத சொல்லைக் கேட்டால் அதன் பொருளை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்கிறாராம். அதில் பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்தவர், போர்வை கேட்டு நடுங்கிய அந்த முதியவரே. பதிலுக்கு அவரும் ஒரு சொல் கேட்டாராம்: உங்கள் ஊரில் குளிர்கிறது என்பதை எப்படிச் சொல்வீர்கள்? இவர் சொல்லிக்கொடுத்தார். முதியவர் பலமுறை முயன்று "குலிருது" என்றாராம்.

இவர் சிரிக்கவில்லை. போர்வையை எடுத்து வந்தாராம்.